கப்பலடியிலும் கொழுந்திலும் ஒரே செம்பு

கொழும்புத் துறைமுகத்தில் சரக்கை இறக்கி முடித்த கப்பல் தண்ணீருக்கு மேலே எழுந்து நிற்கும்போது, அதுவரை நீருக்குள் மூழ்கியிருந்த அடிப்பாகம் செங்கல் நிறத்தில் தெரியும். கப்பலடிக்கு அந்த நிறம் வழக்கமானதற்குக் குப்ரஸ் ஆக்சைடு என்ற செந்நிறச் செம்புத் தூள் ஒரு முக்கியக் காரணம். கொட்டலசு என்னும் ஓடுடைய உயிரியும், ஆழி என்னும் சிப்பி வகையும், பாசியும் குழாய்ப்புழுவும் ஒட்டாதிருக்க வண்ணப்பூச்சில் அதைக் கலக்கிறார்கள். அதே தூள், கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேலே, தலவாக்கலையிலும் ஹட்டனிலும் டிக்கோயாவிலும் தேயிலைக் கொழுந்தின் மேலும் விழுந்திருக்கிறது. அங்கே அது எதிர்ப்பது கொட்டலசை இல்லை. கொழுந்தைக் கொப்புளமாக்கி அழுகவைக்கும் ஒரு பூஞ்சணத்தை. கடலைக் காணாத செடிக்கும் மண்ணைக் காணாத கப்பலுக்கும் ஒரே மருந்து எப்படி வந்தது, அது இரண்டு இடத்திலும் என்ன செய்கிறது, செய்து முடித்தபின் எங்கே போகிறது என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

முதலில் கடல். ஒரு பலகையைக் கடலில் இறக்கினால் சில நிமிடங்களிலேயே நீரிலுள்ள கரிமப் பொருள்கள் அதன்மேல் ஒரு மென்படலமாகப் படிந்துவிடும். ஓரிரு நாளில் பாக்டீரியாவும் டயாட்டம் என்னும் நுண்பாசிகளும் குடியேறி வழுவழுப்பான சளிப்படலம் உண்டாகும். அதன் பின்னே கொட்டலசின் குஞ்சு வரும். சைப்ரிட் என்று பெயர் பெற்ற அந்தப் பருவத்தில் அது எதையும் உண்பதில்லை. ஒட்ட இடம் தேடுவது ஒன்றே அதன் வேலை. உணர்கொம்புகளால் பரப்பைத் தொட்டுத் தொட்டு நடந்து பார்க்கும். பிடித்துவிட்டால் புரதத்தாலான பசையைச் சுரந்து, தலைகீழாக ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்ளும். அதன்பின் ஆயுள் முழுவதும் அந்த இடத்தைவிட்டு நகராது. கொட்டலசுக்கு மேல் ஆழி, ஆழிக்கு நடுவில் பாசி என்று சில மாதங்களில் கப்பலடியே ஒரு பாறைத்திட்டாகிவிடும்.

இதன் விலை எரிபொருளில் தெரியும். கப்பலடியில் பாதிப் பரப்பை அரை மில்லிமீட்டர் தடிப்புச் சளிப்படலம் மூடினாலே பசுமை இல்ல வாயு வெளியேற்றம் 20 முதல் 25 சதவீதம் வரை கூடக்கூடும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பின் 'குளோஃபவுலிங்' திட்டத்தின் ஆய்வு சொன்னது. 2018இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் முன்னணிப் பங்காளிகளாகச் சேர்ந்த 12 நாடுகளில் இலங்கையும் ஒன்று.

நம் கரைகளில் எல்லாப் படகுக்கும் இந்தத் தொல்லை இல்லை. கட்டுமரத்தையும் சிறு வள்ளத்தையும் கடலிலிருந்து திரும்பியதும் மணலில் இழுத்துப் போட்டுவிடுவார்கள். வெயிலில் காயும் கட்டையில் எந்தக் குஞ்சும் பிழைக்காது. துறைமுகத்திலேயே மிதந்து நிற்கும் கலங்களுக்குத்தான் பாடு: அன்று தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடிய பெருந்தோணிகள், இன்று நீர்கொழும்பிலும் பேருவளையிலும் நிற்கும் பலநாள் படகுகள். மரக்கலமானால் ஒட்டுபவற்றோடு துளைப்பவையும் உண்டு. கப்பல்புழு என்று சொல்லப்படும், உண்மையில் சிப்பி இனத்தைச் சேர்ந்த உயிரி பலகையை உள்ளிருந்து தின்றுவிடும். வெளியே ஊசித் துளைதான் தெரியும். சுண்ணாம்பும் எண்ணெயும் குழைத்துப் பூசுவது, கரையேற்றிச் சுரண்டுவது, ஆற்று முகத்துவாரத்து நன்னீரில் சில நாள் நிறுத்துவது என்று பழைய கடலோடிகள் கண்ட வழிகள் பல. நன்னீரில் கடல் உயிரிகள் தாங்கா. நுவரெலியாவின் கிரகரி வாவியில் ஓடும் உல்லாசப் படகின் அடியில் பாசி பிடிக்கலாம், கொட்டலசு பிடிக்காது என்பதற்கும் அதுவே காரணம்.

செம்பு இந்தக் கதைக்குள் வந்தது போர்க்கப்பல் வழியாக. 1761இல் பிரித்தானியக் கடற்படை 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடியில் மெல்லிய செப்புத் தகடுகளை அறைந்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது. திரும்பி வந்தபோது அடி சுத்தமாக இருந்தது, புழுவும் துளைக்கவில்லை. ஆனால் தகட்டைத் தொட்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப்போயிருந்தன. இரண்டு உலோகங்கள் உப்புநீரில் சேர்ந்தால் ஒன்று மற்றொன்றுக்காகக் கரையும் என்ற உண்மைக்கு அது விலை கொடுத்துப் பெற்ற பாடம். ஆணிச் சிக்கலுக்கு வழி தேடிக்கொண்டே, 1779 முதல் கடற்படை முழுவதற்கும் செம்பு போர்த்தத் தொடங்கினார்கள்.

செப்புத் தகடும் சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டிருந்தது. அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. செலவைக் குறைக்க வழி கேட்டபோது ஹம்ப்ரி டேவி என்ற பெரிய வேதியியலாளர் 1824இல் ஒரு தீர்வு சொன்னார்: செம்போடு ஒரு சிறு இரும்பு அல்லது துத்தநாகத் துண்டை இணைத்துவிட்டால் அந்தத் துண்டு கரையும், செம்பு கரையாது. சோதித்தார்கள். சொன்னது சொன்னபடி நடந்தது. செம்பு புதிதுபோல் இருந்தது. அதன்மேல் கொட்டலசும் பாசியும் அடர்ந்து வளர்ந்திருந்தன. சில ஆண்டுகளுக்குள் கடற்படை அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. மின்வேதியியலின் மகத்தான வெற்றியொன்று கப்பலுக்குத் தோல்வியாக முடிந்ததன் காரணத்தை நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். செம்பு தகடாக நின்று காக்கவில்லை. கரைந்து, அயனியாகி, நீரில் கலந்து, ஒட்ட வந்த குஞ்சைக் கொன்று காத்தது. கரைவதை நிறுத்தினால் காவலும் நின்றுவிடும். தன்னை இழக்காத செம்பு எதையும் காக்காது. மலையகத்துத் தேயிலையில் செம்பு செய்யும் வேலையைப் புரிந்துகொள்ளவும் இதுவே திறவுகோல்.

1869ஆம் ஆண்டு கடலையும் மலையையும் ஒன்றாக உலுக்கிய ஆண்டு. அந்த நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்தது. அதே மாதம் ஸ்கொட்லாந்தில் சீனத் தேயிலை ஏற்றுவதற்கென்றே கட்டப்பட்ட 'கட்டி சார்க்' என்ற பாய்க்கப்பல் நீரில் இறங்கியது. அதன் சட்டகம் இரும்பு, மேல் பலகை மரம், அடியில் செம்பும் துத்தநாகமும் கலந்த மன்ட்ஸ் உலோகத் தகடு. இரும்புக் கப்பலுக்கு நேரடியாகச் செம்பு போர்த்தினால் இரும்பே அரித்துவிடும் என்பதால் உண்டான கலப்புக் கட்டுமானம் அது. அடி சுத்தமாக இருந்தால்தான் வேகம். வேகம் இருந்தால்தான் புதுத் தேயிலைக்கு இலண்டனில் விலை. கால்வாய் வழியே நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கியதும் அந்தப் பந்தயம் ஓய்ந்தது. இரும்பு அடிகளுக்குத் தகடு உதவாததால், செம்பைத் தூளாக்கி வண்ணப்பூச்சில் கலக்கும் முறை பரவியது.

அதே 1869இல் மடுல்சீமைப் பக்கத்துக் காப்பித் தோட்டமொன்றில் இலைக்கடியில் மஞ்சள் பொட்டுகள் காணப்பட்டன. காப்பித் துரு நோய். பேராதனைத் தாவரவியல் பூங்காவிலிருந்து துவெயிட்ஸ் அனுப்பிய மாதிரியைப் பார்த்து இங்கிலாந்தில் பெர்க்லி அதற்கு வைத்த பெயரில் 'வஸ்டாட்ரிக்ஸ்', அழிப்பது, என்ற சொல்லும் சேர்ந்தது. 1880 முதல் 1882 வரை இலங்கையில் தங்கி ஆராய்ந்த மார்ஷல் வார்ட், நோய் காற்றில் பரவும் வித்துகளால் வருகிறது, இலைக்குள் புகுமுன்னே தடுத்தால்தான் உண்டு என்று காட்டினார். தடுக்கும் மருந்துதான் கையில் இல்லை. செம்புச் சல்பேட்டும் சுண்ணாம்பும் கலந்த போர்தோ கலவையை பிரான்சில் மில்லார்டே திராட்சைக்காக வெளியிட்டது 1885இல். அதற்குள் இலங்கைக் காப்பி வீழ்ந்துவிட்டது. காப்பி பறிக்க வந்து, பிழைத்துக் கிடந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் அதே மலைகளில் தேயிலைக்கு மாற்றப்பட்டார்கள். சில ஆண்டு முந்தி வந்திருந்தால் செம்பு என்ன செய்திருக்கும் என்பது ஊகம். ஆனால் ஒரே பயிரை மலை மலையாக நட்டுவைத்தால் அதை அழிக்க ஒரு வித்துப் போதும் என்ற செய்தி அன்றே தெரிந்துவிட்டது.

தேயிலைக்கு அந்த வித்து வந்தது 1946இல். கொப்புள நோய் அஸ்ஸாமில் 1868இலேயே அறியப்பட்டது. டார்ஜிலிங்கை 1908இல் வருத்தியது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் 1946இல் தோன்றி, சில ஆண்டுகளில் சுமத்திராவையும் ஜாவாவையும் எட்டியது. தோட்டத்தில் இதைப் 'பிளிஸ்டர்' என்பார்கள். இந்தப் பூஞ்சணம் முற்றின இலையைத் தொடாது. அதற்கு வேண்டியது இளந்தளிர். அதாவது கொழுந்தெடுக்கும் பெண்ணின் விரல் தேடுகிற அதே இரண்டு இலையும் ஓர் அரும்பும். முதலில் ஒளி ஊடுருவும் சிறு பொட்டு. பிறகு அது மேற்புறம் குழிந்து, அடிப்புறம் புடைத்து, வெண்பட்டுப் போர்த்த கொப்புளமாகும். அந்த வெண்மை முழுவதும் வித்துகள். காற்றில் பறந்து அடுத்த கொழுந்தில் விழுந்து, ஈரம் இருந்தால் முளைத்து, மூன்று நான்கு வாரத்தில் தன் சுற்றை முடிக்கும். தென்மேற்குப் பருவம் தொடங்கி, ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்தில் பனிமூட்டமும் தூறலும் நாள் கணக்கில் விலகாத மாதங்கள் அதற்குத் திருவிழா. கவ்வாத்து முடிந்து துளிர்விடும் மலை எல்லாவற்றையும்விட ஆபத்தில் இருக்கும். அங்கே எல்லாமே இளந்தளிர். தண்டில் பிடித்தால் தளிர் ஒடிந்தே போகும்.

இந்த நோய்க்குத் தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் கையிலெடுத்த முதன்மையான ஆயுதம் செம்பு. 1925இல் தொடங்கிப் பின் சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட அந்த நிலையத்துக்குக் காப்பியின் வரலாறு கண்முன்னே இருந்தது. காப்பர் ஆக்சிகுளோரைடு, குப்ரஸ் ஆக்சைடு, பின்னாளில் காப்பர் ஹைட்ராக்சைடு ஆகிய தூள்களை நீரில் கலந்து, கொழுந்தெடுத்து முடித்த கையோடு, அடுத்த சுற்றுக் கொழுந்து முளைக்குமுன் அடிப்பது முறையாயிற்று. இந்த மருந்துகள் நீரில் எளிதில் கரைவதில்லை. அதுதான் அவற்றின் சிறப்பு. இலைமேல் படிந்த துகள், பனியிலும் தூறலிலும் இலை கசியும் புளிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து செம்பு அயனியை விடுகிறது. முளைக்க முற்படும் வித்து அதை உள்ளே இழுத்து, தன் நொதிகள் எல்லாம் முடங்கிச் சாகிறது. டேவியின் கப்பலடியில் நின்றுபோன அதே கரைதல் இங்கே கொழுந்தின் மேல் நடக்கிறது.

ஒப்புமை இன்னும் ஆழமானது. செம்பு கொட்டலசைக் கொல்வதில்லை. ஒட்ட வரும் சைப்ரிட் குஞ்சைத்தான் கொல்கிறது. ஓடு கட்டிக்கொண்டபின் சுரண்டுவதே வழி. கொழுந்திலும் அப்படியே: பூஞ்சணம் இலைக்குள் புகுந்துவிட்டால் மேலே படிந்த செம்பு அதை எட்டாது. இரண்டு இடத்திலும் இது குடியேற்றத்தைத் தடுக்கும் மருந்து, குடியேறியதை வெளியேற்றும் மருந்து அன்று. ஆகவே நோய் கண்ணில் படுமுன்னே அடிக்க வேண்டும். கொழுந்தோ நாளுக்கு நாள் வளர்கிறது; நேற்று அடித்த செம்பு இன்று விரிந்த தளிரில் இல்லை. மழையும் கழுவிவிடும். எனவே ஏழு முதல் பத்து நாளைக்கொரு முறை மறுபடி, மறுபடி. கப்பல் சில ஆண்டுக்கொருமுறை பூச்சு வாங்கிக்கொள்கிறது. தேயிலை மழைக்காலம் முழுவதும் வாங்கிக்கொண்டே இருக்கிறது.

அளவைப் பார்ப்போம். கொட்டலசு ஒட்டாதிருக்கக் கப்பலடியின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலிருந்தும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 மைக்ரோகிராம் செம்பு கரைய வேண்டும் என்பது பழைய ஆய்வுகள் கண்ட அளவு. நீருக்குள் 10,000 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு பெரிய கப்பலுக்கு இது நாளொன்றுக்கு ஒரு கிலோ செம்பு. 10,000 சதுர மீட்டர் என்பது ஒரு ஹெக்டேர். தென்னிந்தியத் தேயிலைக்கு நெடுங்காலம் பரிந்துரைக்கப்பட்ட அளவு, ஹெக்டேருக்கு ஒரு சுற்றில் 210 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு. அதனோடு அதே அளவு நிக்கல் குளோரைடும் சேர்ப்பார்கள். மருந்துத் தூளில் பாதிதான் செம்பு என்றால், ஒரு சுற்றுக்குச் சுமார் 100 கிராம். கப்பலோடு ஒப்பிட்டால் கொழுந்து கேட்பது மிகச் சிறிது. ஆனால் கப்பல் தன் செம்பைக் கடல் கடலாகக் கொண்டுபோய் இறைக்கிறது. மலை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

செம்பு சிதைவதில்லை. பூச்சிமருந்துகள் பல வெயிலிலும் நுண்ணுயிரிலும் உடைந்து வேறு பொருளாகும். செம்பு ஒரு தனிமம், உடைய இடமில்லை. மண்ணில் விழுந்தால் மேல்மண்ணின் மக்கோடு இறுகப் பிணைந்து அங்கேயே கிடக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: மேற்சொன்ன அளவில் ஆண்டுக்கு 20 சுற்று அடித்தால் ஹெக்டேருக்கு 2 கிலோ செம்பு. 75 ஆண்டுக்கு 150 கிலோ. ஒரு ஹெக்டேரின் மேல் 15 சென்டிமீட்டர் மண் சுமார் 1,800 டன் என்று கொண்டால், எதுவும் வெளியேறாதபோது ஒரு கிலோ மண்ணில் 80 மில்லிகிராம் அளவுக்குச் செம்பு கூடியிருக்கும். இது உதாரணக் கணக்கு மட்டுமே. மலைக்கு மலை சுற்றும் அளவும் வேறுபடும், கொழுந்தோடும் கவ்வாத்துக் குச்சியோடும் ஒரு பங்கு போகும். ஆனாலும் நூற்றாண்டுக்கு மேலாகப் போர்தோ கலவை அடித்த ஐரோப்பாவில் அளந்து பார்த்தார்கள்: மண்ணின் பொதுச் சராசரி கிலோவுக்கு 17 மில்லிகிராம் அளவில் இருக்க, திராட்சைத் தோட்ட மண்ணில் 49 மில்லிகிராம். மண்புழுவையும் நுண்ணுயிரையும் செம்பு வருத்தும் என்பதால் அங்கே ஹெக்டேருக்கு ஏழு ஆண்டில் 28 கிலோவுக்கு மேல் செம்பு அடிக்கக் கூடாது என்று 2018இல் வரம்பு வைத்தார்கள். தேயிலை மண் புளிப்பு மண். புளிப்பு கூடினால் செம்பு இளகும். வேருக்கும் நீருக்கும் கூடுதலாகக் கிட்டும்.

மலையில் மண் மட்டும் நிலைத்து நிற்கிறதா என்றால் அதுவும் இல்லை. சரிவில் மழை விழுந்தால் செம்பைப் பிடித்திருக்கும் மேல்மண்தான் முதலில் கரைந்தோடும். அது எங்கே போகும் என்று வரைபடத்தில் தேடினால் மனம் திகைக்கிறது. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்து நீர் கெஹெல்கமு ஓயாவிலும் மஸ்கெலி ஓயாவிலும் இறங்கி, காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களில் தங்கி, களனி கங்கையாகிக் கொழும்புத் துறைமுகத்துக்குச் சற்று வடக்கே கடலைச் சேர்கிறது. நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்து நீர் நானு ஓயா, கொத்மலை ஓயா வழியாக மகாவலியில் கலந்து, திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த கொட்டியாரக் குடாவில் முடிகிறது. தேயிலை மலையின் இரு பக்கத்து நீரும் நாட்டின் இரு பெரும் துறைமுகங்களை நோக்கியே ஓடுகிறது. வண்டலில் ஒட்டிய செம்பில் பெரும்பங்கு அணைகளுக்குப் பின்னே படிந்துவிடும். எனவே மலைச் செம்பும் கப்பல் செம்பும் கடலில் சந்திக்கின்றன என்று சொல்லிவிட முடியாது. மலைச் செம்பைத் தேட வேண்டிய இடம் நீர்த்தேக்கத்தின் அடிச்சேறு.

கடல்காரர்கள் செம்போடு நிற்கவில்லை. 1960களிலிருந்து டிரைபியூட்டைல்டின் என்ற கரிமத் தகரச் சேர்மத்தைப் பூச்சில் சேர்த்தார்கள். கொட்டலசுக்கு எதிராக அதைப்போல் வல்ல மருந்து அதுவரை இல்லை. ஆனால் அதனால் பிரான்சின் அர்க்கஷோன் விரிகுடாவில் 1970களின் பிற்பகுதியில் சிப்பிகள் குஞ்சு பொரிக்காமலும் ஓடு தடித்து உருக்குலைந்தும் போயின. வேறு கடல்களில் பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. லிட்டருக்கு நானோகிராம் அளவிலேயே இந்தக் கேடு. பிரான்ஸ் 1982இல் சிறு படகுகளுக்கு அதைத் தடுத்தது. உலகளாவிய உடன்படிக்கை 2001இல் ஏற்கப்பட்டு 2008 செப்டம்பர் 17இல் நடைமுறைக்கு வந்தது. தகரம் போனதும் செம்பு மீண்டும் தலைமை ஏற்றது. செம்புக்கு அஞ்சாத பாசிகளை அடக்க அதற்குத் துணை தேடியவர்கள் போன இடம் எது தெரியுமா? விவசாயியின் மருந்து அலமாரி. ஸினெப், குளோரோதலோனில் இரண்டும் காய்கறித் தோட்டத்துப் பூஞ்சணக்கொல்லிகள். டையூரான் தேயிலை மலையில் புல்லுக்கு அடித்த களைக்கொல்லி. இவை யாவும் கப்பல் பூச்சில் கலக்கப்பட்டன. அப்படிச் சேர்ந்த மற்றொரு களைக்கொல்லியான சைபியூட்ரினை 2023 முதல் அதே உடன்படிக்கை தடுத்துவிட்டது.

ஒட்டி வருவதைத் தடுக்காமல் விடவும் முடியாது என்பதை எண்ணூர், பழவேற்காடு மீனவர்கள் அறிவார்கள். தென்னமெரிக்கக் கரையைச் சேர்ந்த ஓர் ஆழி, கப்பல்களோடு வந்து கழிமுகத்தின் அடியைப் பாய்போல் மூடி, இறாலுக்கும் மட்டிக்கும் இடமில்லாமல் செய்துவிட்டது. அவர்கள் அதைக் 'காக்கா ஆழி' என்கிறார்கள். கப்பலடி சுத்தமாயிருப்பது எரிபொருள் விவகாரம் மட்டுமன்று. ஊர்விட்டு ஊர் போகும் உயிரிகளைத் தடுக்கும் வேலியும் அதுதான். தேயிலையிலும் அவ்வாறே: செம்பு அடிப்பதை நாளையே நிறுத்தினால் மழைக்கால விளைச்சல் சரியும், தொழிலாளர்களின் 'பேர்', அதாவது வேலைநாள், குறையும், அடுப்பெரியாத வீடுகள் அவர்கள் குடியிருக்கும் லயத்தில்தான் இருக்கும். 2021 மே மாதம் இரசாயன உரத்தோடு பயிர் மருந்துகளின் இறக்குமதியையும் ஒரே ஆணையில் தடைசெய்து, அந்த ஆண்டு முடியுமுன்னே அரசு அதை விலக்க நேர்ந்ததை எல்லோரும் கண்டோம். செம்பு தேயிலைக்குப் பகையும் அன்று. பச்சைக் கொழுந்தைக் கறுப்புத் தேயிலையாக்கும் நொதியின் நடுவில் இருப்பதே செம்பு அணுதான். இலையில் செம்பு போதாவிட்டால் ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து சரியாக நொதிக்காது. முழுத்தடைக்கும் கணக்கற்ற தெளிப்புக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது என்பதே என் வாதம்.

அந்த வழியைத் தலவாக்கலையிலேயே கண்டுபிடித்தும் இருக்கிறார்கள். 1961இல் விஸ்ஸர், சண்முகநாதன், சபாநாயகம் மூவரும் வெயிலும் மழையும் கொப்புள நோயை எப்படி ஆள்கின்றன என்ற ஆய்வை வெளியிட்டார்கள். வித்துக்கு வெயில் நஞ்சு. சில நாள்களின் சராசரியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேர வெயில் கிடைத்துவிட்டால் அந்தச் சுற்றுக்கு மருந்து தேவையில்லை என்பது அதன் சாரம். 1967இல் கெர், ரொட்ரிகோ இருவரும் வித்துப் படிவையும் இலை ஈரத்தையும் கொண்டு நோயை முன்கூட்டிச் சொல்லும் முறைகளை வகுத்தார்கள். நாட்காட்டியைப் பார்த்து அடிக்காமல் வானத்தைப் பார்த்து அடிப்பது என்ற இந்த எண்ணம் அரை நூற்றாண்டுக்கு முன்பே நம் மலையில் பிறந்தது. பருவம் தொடங்குமுன் நிழல்மரமான முள்முருங்கையின் கொப்புகளை வெட்டி வெயிலை உள்ளே விடுவதும் அதே அறிவுதான். மணலில் காயும் கட்டுமரத்தில் கொட்டலசு பிழைக்காததற்கும் காயும் இலையில் வித்துப் பிழைக்காததற்கும் காரணம் ஒன்றே. நோயைத் தாங்கும் டிஆர்ஐ 2043 போன்ற இனங்களும் இருக்கின்றன. கடலில் இதற்கு இணையாகச் சொல்லக்கூடியது நஞ்சே இல்லாத சிலிகோன் பூச்சு: கொட்டலசு ஒட்டினாலும் பிடிமானமில்லாமல், கப்பல் விரைந்து ஓடும்போது உதிர்ந்துவிடும். மெதுவாக ஓடும் கலத்துக்கும் துறையிலேயே நிற்கும் கலத்துக்கும் அது உதவாது. தாங்கும் இனம் இருக்கிறதென்று மலை முழுவதையும் ஒரே நாளில் பிடுங்கி நடவும் முடியாது. மாற்று வழிகள் மெல்லத்தான் வரும். வரும்வரை செம்பு இருக்கும்.

இருக்கும் வரைக்கும் அதைச் சுமக்கிறவர் யார்? மழைத் தூறலில் வழுக்கும் சரிவில், முதுகில் மருந்து டாங்கியோடு, காற்று திசை மாறும்போதெல்லாம் தன் மருந்தைத் தானே முகத்தில் வாங்கிக்கொள்ளும் தொழிலாளி. போர்த்துக்கலில் திராட்சைக்குப் போர்தோ கலவை அடித்தவர்களின் நுரையீரலில் செம்பு படிந்து நோயாவதை 1969இல் பிமென்டெல், மார்க்கெஸ் என்ற இரு மருத்துவர்கள் முதன்முதலில் எழுதினார்கள். 'திராட்சை மருந்தடிப்பவர் நுரையீரல்' என்றே அதற்குப் பெயர். அந்தக் கலவைக்கும் நம் மலையின் தூளுக்கும் வேதிவடிவு வேறு. ஆனால் நுண்துளியாகச் செம்பைச் சுவாசிப்பது நுரையீரலுக்குத் தீங்கு என்பது அன்றே நிறுவப்பட்ட செய்தி. முகமூடி கொடுத்தோம் என்று எழுதிவைத்தால் போதாது. ஈரக்காற்றில் ஏறிய மூச்சோடு போட்டுக்கொண்டு வேலை செய்யக்கூடிய முகமூடியா, மருந்தடித்த பின் குளிக்கத் தண்ணீர் இருக்கிறதா, அந்த உடுப்பை லயத்தில் பிள்ளைகளின் உடுப்போடு துவைக்கிறார்களா என்பவைதான் கேட்க வேண்டிய கேள்விகள்.

துறைமுகத்துக்கு வரும் கப்பலிடம் இன்று அதிகாரி பூச்சுக்கான சான்றிதழைக் கேட்கலாம்: எந்தப் பூச்சு, எப்போது அடித்தது, அதில் என்ன இருக்கிறது. தோட்டத்தின் ஒவ்வொரு மலைக்கும் அப்படியோர் ஏடு வேண்டும். எந்த நம்பர் மலையில், எந்தத் தேதியில், எத்தனை கிராம் செம்பு, அதற்கு முந்தைய ஐந்து நாள் வெயில் எத்தனை மணி, அடித்தவர் யார். ஐந்து ஆண்டுக்கொருமுறை அதே மலையின் மேல்மண்ணையும், காசல்ரீ, மவுசாக்கலை, மேல் கொத்மலை நீர்த்தேக்கங்களின் சேற்றையும் அளந்து, முடிவைப் பெருந்தோட்டக் கம்பனிகளும் தேயிலை ஆராய்ச்சி நிலையமும் பொதுவில் வெளியிட வேண்டும்; மருந்தடிப்பவர் வாசிக்கும் தமிழிலும் வெளியிட வேண்டும். மருந்தடிக்கிறவர்களின் நுரையீரல் பரிசோதனை அந்த ஏட்டின் ஒரு பக்கமாக இருக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தைக்குப் போகும் மேசையில் இந்தக் கோரிக்கையையும் வைக்கட்டும். இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. தராசும், மண் பரிசோதனையும், எழுதி வைக்கும் மனமும் போதும்.